சுருதி 50 ஹெர்ட்ஸ்

சி.டி. பிறப்பதற்குப் பதினோரு ஆண்டுகள் முன்பே கருப்பு எல்.பி. ரெக்கார்டுக்குள் டிஜிட்டல் நுழைந்துவிட்டது. நெய்வேலி மின்சாரத்துக்கும் அந்தக் கதையில் பங்கு உண்டு.

“ரெக்கார்டுன்னா அனலாக், சி.டி.ன்னா டிஜிட்டல்னு என் பேரன் எனக்கே பாடம் எடுக்கிறான் தம்பி. இதைப் பாருங்க” என்று ஓர் எல்.பி. உறையை எடுத்து நீட்டினார் அவர். நெய்வேலி அனல்மின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் காலம் முழுக்க ஷிப்ட் பார்த்து ஓய்வுபெற்ற பொறியாளர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலிசெய்து வெளியே வந்த பலரையும்போல இப்போது இந்திரா நகரில் சொந்த வீடு. உறைக்குள் இருந்தது ரவிசங்கரின் ‘ராகமாலா’. லண்டன் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவை நடத்தியவர் சுபின் மேத்தா. இ.எம்.ஐ. வெளியீடு, ஆண்டு 1982. அது டிஜிட்டலில் பதிவான ரெக்கார்டு.

பேரன் சொன்னதில் பாதி சரி. ரெக்கார்டின் கோட்டில் எண்கள் எதுவும் இல்லை. முள் ஓடும் அந்தப் பள்ளத்தின் இரண்டு சுவர்களும் ஒலி எப்படி அதிர்ந்ததோ அப்படியே நெளிந்திருக்கும். ஆனால் அந்தக் கோட்டைச் செதுக்கும் லேத்துக்கு ஒலி எங்கிருந்து வந்தது? 1970-கள் வரை காந்த நாடாவிலிருந்து. அதன்பின் மெல்ல மெல்ல எண்களிலிருந்து. சி.டி. கடைக்கு வந்தது 1982 அக்டோபரில், ஜப்பானில். எண்களாகப் பதிவான முதல் இசைத்தட்டுகள் விற்பனைக்கு வந்ததோ 1971-ல். இடைப்பட்ட அத்தனை வருடமும் டிஜிட்டல் ஒலிக்கு வீடு வாசல் எல்லாமே வினைல்தான். டிஜிட்டலுக்கு எதிரி என்று நாம் இன்று தூக்கிப்பிடிக்கிற அதே வினைல்.

ஒலியை எண்ணாக எழுதும் யோசனை தொலைபேசிக்காரர்களுடையது. பாரிஸில் வேலை பார்த்த ஆங்கிலேயர் அலெக் ரீவ்ஸ் 1937-ல் அதை வகுத்தார். அலையின் உயரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் எண்ணாகக் குறித்துக்கொள்வது. மறுமுனையில் அந்த எண்களைக் கொண்டு அலையைத் திரும்ப வரைவது. பி.சி.எம். என்று பெயர். அன்றைய வால்வுகளை வைத்துக்கொண்டு அதைப் பரவலாக நடைமுறைக்குக் கொண்டுவர வழியில்லை. டிரான்சிஸ்டர் வரக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இசைக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் ஆய்வுக்கூடத்தில் ஹெய்டாரோ நாகஜிமாவின் குழுவினர். 1967-ல் ஒற்றைத் தடத்தில் ஒரு பதிவுக் கருவி, 1969-ல் ஸ்டீரியோவில் ஒன்று. விநாடிக்கு 32,000 அளவுகள், ஒவ்வொன்றும் 13 பிட். அதாவது அலையின் உயரத்தை 8,192 படிகளில் ஏதாவது ஒன்றாகக் குறிக்கலாம். அந்தக் கருவியை இரவல் வாங்கித்தான் நிப்பான் கொலம்பியா நிறுவனம் 1971-ல் முதல் டிஜிட்டல் எல்.பி.க்களை வெளியிட்டது. அதில் ஒன்று தாள வாத்தியக்காரர் ஸ்டோமு யமாஷ்டாவின் தட்டு. முதல் டிஜிட்டல் தட்டுகளில் ஒன்றில் ஒலித்தது தாள வாத்தியம் என்பதை நம்மூர் தவில்காரர்கள் கேட்டால் சந்தோஷப்படுவார்கள்.

இரவல் போதவில்லை. 1972-ல் டெனான் என்ற தன் பெயரில் சொந்தமாகவே ஒரு கருவியைக் கட்டியது அந்த நிறுவனம்: டி.என்.023ஆர். எட்டுத் தடம், 13 பிட், விநாடிக்கு 47,250 அளவு. மூன்றையும் பெருக்கினால் விநாடிக்கு 49 லட்சம் பிட்டுக்கு மேல் போகிறது. சாதாரண ஒலிநாடா இயந்திரம் இந்த வேகத்துக்குத் தாங்காது. அதனால் தொலைக்காட்சி நிலையங்கள் படம் பதிய வைத்திருந்த நாலு தலை வீடியோ டேப் இயந்திரத்தைப் பிடித்துவந்து, படத்துக்குப் பதிலாக எண்களை அதில் ஏற்றினார்கள். அந்த ஏப்ரலில் டோக்கியோவின் அவோயாமா டவர் ஹாலில் ஸ்மெதானா நால்வர் குழு மோட்சார்ட் வாசித்ததை முதலில் பதிந்தது அந்தக் கருவிதான். வழக்கமான ஒலிநாடாவில் பிசிறு தட்டினால் பிளேடால் வெட்டி, நல்ல துண்டை ஒட்டிவிடலாம். வீடியோ நாடாவில் அந்தக் கைவேலை எளிதில் நடக்காது. வாசிப்பவர்கள் தலையில்தான் பொறுப்பு.

அமெரிக்காவில் இந்தக் கதையின் நாயகர் தாமஸ் ஸ்டாக்ஹாம், யூட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர். அதிபர் நிக்சனின் வாட்டர்கேட் நாடாவில் பதினெட்டரை நிமிடம் காணாமல் போனது எப்படி என்று ஆராய நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழுவில் இருந்தவர். 1975-ல் சவுண்ட்ஸ்ட்ரீம் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். இத்தாலியப் பாடகர் கருசோவின் தேய்ந்துபோன பழைய 78 சுற்றுத் தட்டுகளைக் கணினியில் ஏற்றி, குழாய் வழியே பாடியது போன்ற அந்தக் கரகரப்பைக் கழித்து, 1976-ல் ஆர்.சி.ஏ. வழியாக எல்.பி.யாகக் கொண்டுவந்தார். பிறகு அவர் கட்டிய பதிவுக் கருவி 16 பிட், விநாடிக்கு 50,000 அளவு. பின்னால் வந்த சி.டி.யைவிட அது அதிகம்! டெலார்க் என்ற சின்ன நிறுவனம் அதை வாடகைக்கு எடுத்து 1978-ல் கிளீவ்லாந்து காற்றுக்கருவிக் குழுவைப் பதிந்தது. அதே ஆண்டு சின்சினாட்டி இசைக்குழுவோடு சைக்கோவ்ஸ்கியின் ‘1812’. அதில் நிஜ பீரங்கிகள் வெடிக்கும். அந்த எல்.பி.யை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பீரங்கி வெடிக்கும் இடங்களில் கோடு வளைந்து நெளிவது வெறும் கண்ணுக்கே தெரியும். எத்தனையோ வீடுகளில் அந்த இடம் வந்ததும் முள் எகிறிக் குதித்தது. உறையிலேயே எச்சரிக்கை அச்சிட்டு விற்றார்கள். விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. நம்ம ஸ்பீக்கர் கிழியுமோ என்ற பயத்தில் ஒரு சுகம் இருக்கிறது போலும்.

டர்பைனும் தட்டும்

சோனி இந்தப் பந்தயத்தில் சேர்ந்தபோதும் வீடியோவைத்தான் பிடித்துக்கொண்டது. 1978-ல் பி.சி.எம்.1600, 1980-ல் பி.சி.எம்.1610. இவை பெட்டிகள் மட்டுமே. எண்களைச் சேமித்தது பக்கத்தில் இருந்த யூ-மேட்டிக் வீடியோ கேசட் இயந்திரம். படத்தின் ஒவ்வொரு கிடைக்கோட்டிலும் மூன்று அளவுகளை ஒளித்துவைத்தார்கள். ஐரோப்பிய முறையில் ஒரு புலத்தில் (ஃபீல்டு, அதாவது பாதிப் படம்) பயன்படுத்தக்கூடிய கோடுகள் 294, விநாடிக்கு 50 புலம். 294 × 3 × 50 = 44,100. ஜப்பான், அமெரிக்க முறையில் 245 கோடு, 60 புலம். 245 × 3 × 60, அதுவும் 44,100. இரண்டு பக்கமும் பொருந்திவந்த இந்த எண்தான் பிறகு சி.டி.க்குப் போனது. இன்று நம் போனில் ஓடும் பாட்டுகளில் ஏராளமானவை இன்னும் அதே 44,100-ல்தான் இருக்கின்றன. இசையறிவோ காது மருத்துவமோ இந்த எண்ணைத் துல்லியமாக நிர்ணயிக்கவில்லை. கையில் கிடைத்த வீடியோ இயந்திரம் நிர்ணயித்தது.

சரி, தொலைக்காட்சிக்கு அந்த 50 எங்கிருந்து வந்தது? ஆரம்பகாலத் தொலைக்காட்சிப் பெட்டிகளில் மின்சார இரைச்சல் படத்தின் மேல் பட்டை பட்டையாக ஊர்ந்துவிடும் என்பதால், படத்தின் வேகத்தை ஊர் மின்சாரத்தின் அலைவரிசைக்கே பொருத்தினார்கள். 50 ஹெர்ட்ஸ் ஊர்களில் 50, 60 ஹெர்ட்ஸ் ஊர்களில் 60. இதைச் சொன்னதும் பெரியவர் சிரித்துவிட்டார். “அப்ப அது எங்க சரக்கு தம்பி!”

அவர் சொல்வதில் விளையாட்டு பாதிதான். நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியோடு எழுந்தது. 1962-ல் மின்சாரம் தரத் தொடங்கி 600 மெகாவாட்டாக வளர்ந்து, 2020-ல் ஓய்வுக்குப் போனது. அனல்மின் டர்பைன் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும், விநாடிக்கு 50. அதுதான் 50 ஹெர்ட்ஸ். எல்.பி. சுற்றுவது நிமிடத்துக்கு 33⅓. வகுத்துப் பார்த்தால் தட்டு ஒரு சுற்று சுற்றுவதற்குள் டர்பைன் சரியாக 90 சுற்று. அந்தக் காலத்து ரெக்கார்டு பிளேயர்கள் பலவற்றில் இருந்த மோட்டார் வீட்டு மின்சாரத்தின் அலைவரிசையைப் பிடித்துக்கொண்டே ஓடும். மின்நிலையம் தளர்ந்தால் தட்டும் தளரும். பாட்டும் இறங்கும்.

தளர்ந்தது. 2003 ஜனவரியில் தென்மண்டலத்துக்குப் புதிய கட்டண முறை வந்து கட்டுப்பாடு விழும்வரை, தேவை கூடி உற்பத்தி எட்டாத நேரங்களில் நம் மின்தொகுப்பின் அலைவரிசை 49-க்குக் கீழே இறங்குவது சாதாரணம். 48.5-ஐத் தொட்ட மாலைகளும் உண்டு. 50-ல் ஒன்றரை குறைந்தால் மூன்று சதவீதம். ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்த ஸ்வரத்துக்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய ஆறு சதவீதம் என்று வைத்துக்கொண்டால், பாட்டு அதில் பாதி இறங்கிவிடுகிறது. ஒன்றரைக் கட்டையில் பாடியவர் ஒன்றே கால் கட்டையில் பாடுவார். விடியற்காலையில் எம்.எஸ். அம்மாவின் சுப்ரபாதம் சுருதியோடு இருக்கும். விளக்கு வைக்கும் நேரத்தில் அதே தட்டு கொஞ்சம் சோர்ந்திருக்கும். நெய்வேலி சந்தானகோபாலன் என்று ஊர்ப்பெயரை முன்னால் வைத்து ஒரு சங்கீத கலாநிதியைத் தந்த ஊர் இது. இங்கே யாருக்கும் அது கேட்டிருக்காது என்று நான் நம்பமாட்டேன்.

பெரியவரிடம் பழைய ஸ்ட்ரோப் அட்டை ஒன்று இருந்தது. தட்டின் நடுவே வைக்கும் வட்ட அட்டை. சுற்றிலும் 180 கருப்புக் கோடுகள். மின்சாரத்தில் எரியும் நியான் விளக்கு விநாடிக்கு நூறு முறை மின்னி அணையும். அந்த வெளிச்சத்தில் தட்டு சரியாக 33⅓-ல் சுற்றினால் கோடுகள் அசையாமல் நிற்கும்; வேகம் கூடினால் முன்னே நகரும், குறைந்தால் பின்னே. அவர் போட்டுக் காட்டினார். கோடுகள் சிலையாக நின்றன. “இப்ப ஒரு கேள்வி” என்றார், வாத்தியார் குரலில். “கிரிட் 48.5-க்கு இறங்கினா இந்தக் கோடு என்ன பண்ணும்?” பின்னால் நகரும் என்றேன். “நகராது தம்பி. மோட்டாரும் அதே கரண்ட், விளக்கும் அதே கரண்ட். ரெண்டும் சேர்ந்தே மெதுவாயிடும். கோடு அப்பவும் நிக்கும். கட்டுப்பாட்டு ரூம்ல மீட்டரைப் பார்க்கிறவனுக்குத்தான் உண்மை தெரியும்.”

அன்று நம்மில் பெரும்பாலோர் ரெக்கார்டை நேராகக் கேட்டவர்களும் இல்லை. எல்.பி. வாங்க வசதி இருந்தவர்கள் கொஞ்சம். ஊருக்கு ஊர் ‘மியூசிக்கல்ஸ்’ கடை இருக்கும். கண்ணாடி அலமாரி நிறைய எல்.பி. உறைகள், உள்ளே இரண்டு மூன்று டெக். நோட்டுத்தாளில் பாட்டு லிஸ்ட் எழுதிக்கொண்டுபோய், டி.டி.கே. கேசட் அறுபதோ தொண்ணூறோ வாங்கிக் கொடுத்தால், ஏ பக்கம் பி பக்கம் நிரப்பி, அட்டையில் பேனாவால் பாட்டுப்பெயர் எழுதித் தருவார்கள். கடைசிப் பாட்டு பாதியில் அறுந்தால் தகராறு. மாலையில் கடையில் கூட்டம், மாலையில்தான் மின்சாரமும் இறங்கும். கரண்டைப் பிடித்து ஓடும் பிளேயரில் அந்த நேரத்தில் பதிந்த கேசட்டுக்குள் இறங்கிய சுருதி நிரந்தரமாகக் குடியேறிவிடும். வீட்டு டேப்ரிக்கார்டர் நேர்மின் மோட்டாரில் ஒழுங்காக ஓடினாலும் பாட்டு தாழ்ந்தேதான் வரும். ஒலிப்பதிவில் ஒட்டிக்கொண்ட மின் இரைச்சலின் ஏற்ற இறக்கத்தை வைத்து அது எப்போது பதிவானது என்று கண்டுபிடிக்கும் முறையே இன்று தடயவியலில் இருக்கிறது. அந்த வகையில் நம் வீட்டுப் பரண்களில் கிடக்கும் கேசட்டுகள் தென்மண்டல மின்தொகுப்பின் நாட்குறிப்புகள்!

இந்த இடத்தில்தான் டிஜிட்டல் கருவி ரெக்கார்டுக்குச் செய்த உபகாரம் எனக்குப் புரிகிறது. விளம்பரங்கள் பேசியது ‘துல்லியம்’, ‘இரைச்சல் இல்லை’ என்றெல்லாம். நாடா இரைச்சல் போனது நிஜம். ஆனால் பெரிய விஷயம் அதுவல்ல. எண்கள் நாடாவில் முன்னே பின்னே ஆடி வந்தாலும், கருவி அவற்றை ஒரு தற்காலிக நினைவகத்தில் வாங்கிவைத்து, குவார்ட்ஸ் படிகத்தின் துடிப்புக்கு ஒவ்வொன்றாக வெளியே விடும். நாடாவின் இழுப்பும் தளர்வும் ஒலிக்கு வந்து சேராது. பியானோவில் விழுந்த ஸ்வரம் நடுங்காமல் நிற்கும். தம்புரா சுருதியில் நின்றுகொண்டு மற்றதையெல்லாம் அளக்கிற நம் சங்கீதத்துக்கு, இரைச்சலைவிட இந்த நடுக்கம்தான் பெரிய குற்றம். இரைச்சலை ஐந்து நிமிடத்தில் காது மறந்துவிடும். ஆடுகிற ஆதார ஷட்ஜத்தை மறக்காது. கேட்பவர் வீட்டு மோட்டார் மட்டும் பழைய கதைதான். அதற்கும் 1979-ல் டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200-ன் இரண்டாம் பதிப்பு குவார்ட்ஸ் பூட்டோடு வந்தது. நம்மூரில் அதை வாங்க முடிந்தவர்கள் யார் என்பது வேறு விஷயம்.

லேத்துக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும்

இனி சொல்லப்போவதுதான் ரெக்கார்டு பக்தர்களில் பலர் கேள்விப்படாதது.

ஒரு பக்கம் 22 நிமிடம் ஓடும் எல்.பி.யில் கோட்டை நீட்டிப் பிடித்தால் அரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். அதை ஒரு சாண் அகலத்துக்கும் குறைவான இடத்தில் சுருட்டி வைக்க வேண்டும். சத்தம் பெரிதானால், அதுவும் தாழ்ந்த ஸ்வரமானால், கோடு அகலமாக நெளியும். பக்கத்துக் கோட்டில் இடித்தால் தட்டு பாழ். எல்லா இடத்திலும் தாராளமாக இடைவெளி விட்டால் பாட்டு முடிவதற்குள் தட்டு முடிந்துவிடும். அந்த நாளில் இன்லண்ட் லெட்டர் எழுதியவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரியும்: இன்னும் என்னென்ன சொல்ல இருக்கிறது என்று தெரிந்தால்தான் எழுத்தை எங்கே நெருக்குவது, எங்கே விரிப்பது என்று முடிவு செய்யலாம். லேத்துக்கும் அப்படி முன்கூட்டியே தெரிய வேண்டும். தட்டு ஒரு சுற்று சுற்ற 1.8 விநாடி. அரைச் சுற்று முதல் ஒரு சுற்று வரைக்குமான நேரத்துக்குப் பிறகு வரப்போகும் ஒலி என்ன என்று இப்போதே அதற்குச் சொல்ல வேண்டும்.

ஒலிநாடாக் காலத்தில் இதற்கு அழகான இயந்திர வழி இருந்தது. நாடா இயந்திரத்தில் கூடுதலாக ஒரு தலை. நாடா முதலில் அதைத் தொடும். அங்கே கேட்ட ஒலி இடைவெளியைத் தீர்மானிக்கும் பகுதிக்குப் போகும். பிறகு நாடா உருளைகளைச் சுற்றி வந்து இரண்டாவது தலையைத் தொடும். அந்த ஒலிதான் வெட்டும் முனைக்கு. விநாடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடும் நாடா 1.8 விநாடி தாமதிக்க வேண்டுமென்றால் சுமார் 68 சென்டிமீட்டர் சுற்றிவர வேண்டும். இதற்கென்றே தனியாகச் செய்த இயந்திரங்கள் வெட்டும் அறைகளில் இருந்தன.

டிஜிட்டல் வீடியோ கேசட்டில் இந்த வித்தை பலிக்காது. கேசட்டுக்குள் இரண்டாவது தலையை எங்கே வைப்பது? அதனால் வழியைத் திருப்பிப் போட்டார்கள். வரும் ஒலியை நேராக இடைவெளிப் பகுதிக்கு அனுப்பிவிட்டு, வெட்டும் முனைக்குப் போவதை மட்டும் எண்ணாக மாற்றி நினைவகச் சில்லுகளில் ஒன்றரை, இரண்டு விநாடி பிடித்துவைத்து அனுப்புவது. 16 பிட், 50,000 அளவு, ஸ்டீரியோ என்று கணக்குப் போட்டால் 1.8 விநாடிக்கு 1,80,000 எண்கள். 16 கிலோபிட் சில்லுகள் புழங்கிய 1970-களின் கடைசியில் அதற்கு ஏறக்குறைய 176 சில்லுகள் வேண்டும். விலையுயர்ந்த பெட்டிதான். ஆம்பெக்ஸ் ஏ.டி.டி.1 என்ற பெயரில் ஒன்றை விற்றது, ஸ்டூடரின் டி.ஏ.டி.16 இன்னொன்று.

பெட்டி வந்ததும் அதைச் சும்மா வைத்திருப்பார்களா? கூடுதல் தலையுள்ள தனி நாடா இயந்திரம் இனி வேண்டாம். கையில் இருக்கும் எந்த நாடா இயந்திரத்தையும் லேத்தோடு இணைக்கலாம். ஆகவே அசல் நாடாவிலிருந்து வெட்டப்பட்ட ‘முழு அனலாக்’ பாட்டுகளும் இந்தப் பெட்டி வழியே போகத் தொடங்கின. அறிந்தோ அறியாமலோ, 1970-களின் இறுதிக்குப் பிறகு வெட்டப்பட்ட எத்தனையோ தட்டுகளில் ஒலி ஒருமுறை எண்ணாகி, திரும்ப அலையாகித்தான் கோட்டில் இறங்கியிருக்கிறது. உறையில் யாரும் இதை எழுதவில்லை. ‘டிஜிட்டல்’ என்று பெருமையாக அச்சடித்த தட்டுகள் ஒரு பக்கம், சொல்லாமல் டிஜிட்டலைத் தாண்டிவந்த தட்டுகள் மறுபக்கம். கேட்டவர்கள் இரண்டையும் ரசித்தார்கள். முன்னதில் ‘குளிர்ச்சி’யையும் பின்னதில் ‘வெதுவெதுப்பை’யும் கண்டுபிடித்துக் கட்டுரை எழுதியவர்களும் உண்டு.

இடைவெளிக் கணக்கு நம்மூரில் இன்னொரு விதமாகவும் விளையாடியது. ‘திருவிளையாடல்’ மாதிரி கதை வசன எல்.பி.க்கள் நினைவிருக்கும். பேச்சை அதிகம் அடைக்க வேண்டுமானால் கோட்டை நெருக்க வேண்டும், நெருக்கினால் சத்தத்தைக் குறைக்க வேண்டும். சவுண்ட் சர்வீஸ்காரர் குழாய் ஸ்பீக்கரில் வசனத் தட்டைப் போடும்போது ஆம்ப்ளிஃபயர் குமிழைத் திருகி ஏற்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோடம்பாக்கத்துக்கு வந்த வழி

தமிழ் எல்.பி.க்குள் டிஜிட்டல் நுழைந்த வாசல் வேறு. அது பதிவுக் கருவியாக வருவதற்கு முன் வாத்தியமாக வந்தது. ‘ப்ரியா’ (1978) ஸ்டீரியோவில் பதிவான முதல் தமிழ்ப் படப் பாடல்கள் என்று பேர் வாங்கியது. அது அனலாக் காலம். 1983-ல் யமஹா டி.எக்ஸ்.7 வந்தது. கம்பி, தோல், காற்று எதுவும் இல்லாமல் ஒலியையே எண்களால் கணக்கிட்டுத் தரும் கீபோர்டு. உலகத்து ஸ்டூடியோக்களெல்லாம் அதை அள்ளிக்கொண்டன, கோடம்பாக்கம் உட்பட. அதற்கு ஒரு வருடம் முன்பு வந்த லின்டிரம் தாளப்பெட்டிக்குள் நிஜ டிரம் அடிகளே எண்களாக உறங்கின. வெறும் 8 பிட்டில். 1969-ன் ஜப்பான் கருவியைவிடக் கரடுமுரடான டிஜிட்டல்! ஆனால் அந்தக் கரடுமுரடுதான் எண்பதுகளின் ‘பஞ்ச்’.

1986-ல் ‘புன்னகை மன்னன்’. கணினி சீக்வென்சரை வைத்துப் பதிவான முதல் இந்தியப் படப்பாடல்கள் என்று பேசப்படுபவை இளையராஜாவின் இந்தப் பாடல்கள். அதே ஆண்டு அவருடைய ‘ஹவ் டு நேம் இட்?’, தியாகராஜருக்கும் பாஹுக்கும் காணிக்கையாக, வி.எஸ்.நரசிம்மனின் வயலினோடு. 1988-ல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு ‘நத்திங் பட் விண்ட்’. ‘புன்னகை மன்னன்’ எல்.பி.யை வைத்துக்கொண்டு ‘சுத்த அனலாக் சுகம்’ என்று யாராவது கண்ணை மூடினால் எனக்குச் சிரிப்பு வரும். அந்தச் சுகத்தில் ஒரு பங்கு எண்களால் ஆனது; அதனால் சுகம் குறைந்துவிடவும் இல்லை.

1989-ல் ரஹ்மான் கோடம்பாக்கத்து வீட்டுக்குப் பின்னால் பஞ்சதன் ஸ்டூடியோவைக் கட்டி, 1992-ல் ‘ரோஜா’ வந்தபோது எல்.பி. ஏறக்குறைய படுத்துவிட்டது. அதைச் சாய்த்தது சி.டி. என்று பலர் எழுதுகிறார்கள். நம்மூரைப் பொறுத்தவரை அது தவறு. சி.டி. பிளேயர் வாங்கிய வீடுகள் எத்தனை? எல்.பி.யைச் சாய்த்தது கேசட். டிஜிட்டலோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத, இரைச்சலும் நடுக்கமும் நிறைந்த, பஸ்ஸிலும் டீக்கடையிலும் ஒலித்த முப்பது ரூபாய் கேசட்.

நிலக்கரி நகரத்தில் உட்கார்ந்து இதை எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. பழுப்பு நிலக்கரியிலிருந்து மாண்டன் மெழுகு என்ற கெட்டி மெழுகைப் பிரித்தெடுப்பார்கள். ஜெர்மனியின் ஆம்ஸ்டார்ஃப் அதற்குப் பேர்போன இடம். நெய்வேலிச் சுரங்கத்தின் பிரம்மாண்டமான வாளிச்சக்கர இயந்திரங்கள் வந்ததும் ஜெர்மனியிலிருந்துதான். கிராமபோன் காலத்தில் ஒலியை முதலில் செதுக்கியது மெழுகுத் தட்டில். அந்த மெழுகுக் கலவையில் மாண்டன் முக்கியச் சரக்கு. நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தன் நிலத்தில் கிணறு தோண்டும்போது கருப்பாக ஏதோ வருகிறதே என்று கவனித்த 1930-களில், உலகின் ரெக்கார்டிங் அறைகளில் பாடகர்களின் குரல் பழுப்பு நிலக்கரியின் மெழுகில்தான் பதிந்துகொண்டிருந்தது. பிறகு லாக்கர் பூசிய அலுமினியத் தட்டு வந்து மெழுகைத் தள்ளிவிட்டது. அதன்மேல் வெள்ளி தெளித்து, நிக்கல் வளர்த்து, அச்சு எடுத்து, பி.வி.சி.யை அழுத்துகிறார்கள். எத்தனை டிஜிட்டல் வந்தாலும் இந்தக் கடைசிப் பகுதி அப்படியே இருக்கிறது.

2022 ஜூலையில் அமெரிக்காவில் ஒரு பூகம்பம். மொபைல் ஃபிடலிட்டி என்ற நிறுவனம் அசல் நாடாவிலிருந்து நேராக வெட்டியவை என்று ரசிகர்கள் நம்பிய தட்டுகளை உயர்ந்த விலைக்கு விற்றுவந்தது. மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ ஒரே பதிப்பில் 40,000 பிரதி என்று அறிவித்ததும் சந்தேகம் எழுந்தது. ஒரே நாடாவைத் தேயத் தேய ஓட்டாமல் இத்தனை அச்சு எப்படி எடுப்பார்கள்? பல வருடங்களாகவே நடுவில் டிஜிட்டல் நகல் இருந்தது வெளியே வந்தது. வழக்கு போட்டார்கள், 2023-ல் இரண்டரைக் கோடி டாலர் ஒப்பந்தத்தில் முடிந்தது. வேடிக்கை என்னவென்றால், தூய அனலாக்குக்கு உதாரணமாக அதே தட்டுகளைக் காட்டி ஆண்டுக்கணக்கில் சிலாகித்தவர்கள்தான் அதிகம் கொதித்தார்கள். காது ஏமாற்றவில்லை, உறைதான் ஏமாற்றியது. அதன்பின் அந்த நிறுவனம் ஒவ்வொரு தட்டும் எந்த வழியாக வந்தது என்று வெளிப்படையாகச் சொல்லத் தொடங்கியது.

நம் நாட்டிலும் ரெக்கார்டு திரும்புகிறது. 2024-ல் நவி மும்பையில் புதிதாக ஓர் அழுத்தும் ஆலை தொடங்கியது. பல பத்தாண்டுகளாக இந்தியாவில் அப்படியொன்று இல்லாமல் இருந்தது. மின்சாரமும் திருந்திவிட்டது. 2013-ன் கடைசி நாளில் தென்மண்டலம் நாட்டின் பெருந்தொகுப்போடு இணைந்தது. இப்போது அலைவரிசையை 49.90-க்கும் 50.05-க்கும் இடையில் வைத்திருப்பது விதி. பழைய பிளேயரில் போட்டாலும் கால் கட்டையெல்லாம் இறங்காது.

மறுபதிப்புத் தட்டு வாங்கப் போகிறவர்களுக்குப் பெரியவர் ஒரு யோசனை வைத்திருக்கிறார். எண்பதுகளில் சி.டி. உறையில் மூன்று எழுத்துக் குறியீடு போடுவார்கள்: பதிந்தது, கலந்தது, மாஸ்டர் செய்தது ஒவ்வொன்றும் அனலாக்கா டிஜிட்டலா என்று. எல்.பி.க்கு அந்த வழக்கம் பரவவே இல்லை. இனியாவது கடைக்காரரிடம் மூன்று விஷயம் கேளுங்கள் என்கிறார். வெட்டுவதற்கு எடுத்தது அசல் நாடாவா, அதன் நகலா, கோப்பா? கோப்பு என்றால் சி.டி.க்குச் செய்ததா, எல்.பி.க்கென்று தனியாகச் செய்ததா? ஒரு பக்கத்தில் எத்தனை நிமிடம் அடைத்திருக்கிறார்கள்? “மூணாவதுக்காவது பதில் வரும் தம்பி. அது அட்டைலயே இருக்கும். முப்பது நிமிஷம்னு போட்டிருந்தா வாங்காதீங்க.”